வானத்துக்கு பிரஷ் பிடித்த கேப்டன்: 1858-ல் புதுக்கோட்டையைப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் யார்?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். சித்தன்னவாசல் மலையடிவாரம். மதியம் 12 மணி வெயில். முன்னால் ஒரு மரம், பின்னால் பாறை, அதற்கும் மேலே வானம். ஃபிரேம் சூப்பர். ஆனால் க்ளிக் பண்ணிவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தால், மரம் கரிக்கட்டை மாதிரி கறுப்பு; வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

அடுத்து என்ன செய்வோம்? எடிட்டிங் ஆப்பைத் திறப்போம். வானத்தை செலக்ட் செய்வோம். கொஞ்சம் நீலம், நாலு மேகம். ஸ்டேட்டஸுக்கு ரெடி.

ஜூம் பண்ணிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இலைகளின் ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு. கிளைகளுக்கு நடுவே இருக்கும் குட்டி குட்டி இடைவெளிகளில் பழைய வெள்ளை வானம் அப்படியே உட்கார்ந்திருக்கும். மரத்துக்குப் பின்னால் இருக்கும் வானத்தைத் தனியாகப் பிரித்து எடுப்பது, போட்டோ எடிட்டிங்கில் இன்றைக்கும் பெரிய தலைவலி.

இந்தத் தலைவலி செல்போனோடு வந்தது இல்லை. 1858-ல், இதே புதுக்கோட்டைப் பகுதியை கேமராவில் பதிவு செய்த ஒருவருக்கும் இதே பிரச்னை இருந்தது. அவரிடம் ஆப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பிரஷும் நிறமும்தான் இருந்தன. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். உலகப் புகைப்பட வரலாற்றில் முக்கியமான பெயர். நம்ம ஊரில்தான் அவ்வளவாகத் தெரியாது.

யார் இந்த டிரைப்?

1822 ஏப்ரலில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், இன்று டெவன்போர்ட் என்று அழைக்கப்படும் துறைமுக ஊரில் பிறந்தவர். பெரிய குடும்பம், 12 பிள்ளைகள். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் பெயரைத்தான் இவரும் சுமந்தார். பின்னாளில் இவரை அதிகம் படுத்தியது மரத்தின் இலைகள்தான் என்பது வேடிக்கையான பொருத்தம்.

பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்தார். சென்னை மாகாணப் படையில் வேலை. பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டு, 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போனார். அப்போதுதான் கேமரா அவர் கைக்கு வந்தது. 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் ஆரம்பகால உறுப்பினர்களில் இவரும் ஒருவர்.

1854-ல் பெங்களூரு திரும்பினார். விடுமுறை கிடைத்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பதக்கமும் கிடைத்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய விஷயம், வேலையாக மாறத் தொடங்கியது.

பர்மாவில் கிடைத்த பெரிய வாய்ப்பு

அதே 1855-ல் பர்மா மன்னரின் தலைநகருக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பினார் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. அந்தக் குழுவின் அதிகாரபூர்வ புகைப்படக்காரராக டிரைப் போனார். மழை, உடல்நலக் குறைவு, அந்நிய நிலம். எல்லாவற்றுக்கும் நடுவில் 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, 50 செட் தயாரித்தார். கணக்குப் போட்டால் 6,000 பிரின்ட். ஒவ்வொன்றும் கையால், வெயிலில் வைத்து எடுக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. கோயில், கோட்டை, கல்வெட்டு என எல்லாவற்றையும் ஓவியர்களை வைத்து வரையச் சொன்னால் நேரமும் செலவும் அதிகம். வரைபவரின் கற்பனையும் உள்ளே வந்துவிடும். கேமரா என்றால் உள்ளதை உள்ளபடி காட்டும். இந்த நம்பிக்கையில்தான் 1856-ல் சென்னை மாகாண அரசு டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 'உள்ளதை உள்ளபடி' என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

மாட்டு வண்டியில் ஒரு டார்க் ரூம்

1857 டிசம்பரில் டிரைப் கிளம்பினார். வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தெற்கே இவர் கேமராவும் ரசாயனங்களுமாக மாட்டு வண்டிகளில் போய்க்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுமார் நாலரை மாதப் பயணம். மதுரையில் புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால், யானைமலை. தஞ்சையில் பெரிய கோயில். அப்போது தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு என்று தனியாகவே ஓர் ஆல்பம் வந்தது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். சித்தன்னவாசல் குகைக்கோயில் ஓவியங்கள் அப்போது வெளியுலக ஆய்வாளர்களுக்குத் தெரியவே தெரியாது. அவை அவர்கள் கவனத்துக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகள் இருந்தன. இந்தப் பகுதியின் பழமையை யாரும் ஒழுங்காகப் பட்டியல்கூடப் போடாத காலத்தில் இவர் கேமராவோடு வந்தார்.

அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஏற்றினால், அது ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவாகிவிடும். முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். படம் எடுத்தவுடன் கழுவ வேண்டிய அவசரமும் இல்லை. நம்ம ஊர் வெயிலில் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு இது பெரிய வசதி. நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12க்கு 15 இஞ்ச். சின்னதாக எடுத்துப் பெரிதாக்கும் வழக்கம் அப்போது இல்லை. நெகட்டிவ் என்ன சைஸோ, படமும் அதே சைஸ்.

வானம் ஏன் வெளுத்தது?

இங்கேதான் நம்ம தலைவலியும் அவர் தலைவலியும் சந்திக்கின்றன.

அன்றைய காகித நெகட்டிவ்வில் இருந்த வெள்ளி உப்புகளுக்கு எல்லா நிறங்களும் ஒன்று கிடையாது. நீலமும் ஊதாவும் பட்டால் உடனே வினை நடக்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் அவை கிட்டத்தட்ட குருடு.

விளைவு என்ன?

நீல வானம்: ஒளி அளவுக்கு மீறிப் பதிவாகும். மேகமும் வானமும் ஒரே மாதிரி தெரிவதால் மேகம் காணாமல் போகும்.

பச்சை இலை: ஒளி பதிவாவதே கஷ்டம். படத்தில் மரம் ஒரு கறுப்புக் குவியலாக நிற்கும். போதாததற்கு, கேமரா மூடியைப் பல நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்றில் இலைகள் ஆடி, உருவமே கலைந்துவிடும்.

காகிதத்தின் குறைகள்: வானம் என்பது வெறும் பரப்பு. காகிதத்தில் இருக்கும் நார், புள்ளி, கறை எல்லாம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். வானம் சுத்தமான வெள்ளையாகக்கூட இல்லாமல், திட்டுத் திட்டாக அழுக்குப் படிந்த மாதிரி வரும்.

கோயில் கோபுரத்தில் ஒவ்வொரு சிற்பமும் அவ்வளவு துல்லியமாக இருக்கும். அதற்குப் பின்னால் வானம் அழுக்குத் துணி போலத் தொங்கும். பார்க்கிறவர் கண் எங்கே போகும்? அழுக்குக்குத்தான்.

பிரஷ்தான் எடிட்டிங் ஆப்

அந்தக் காலப் புகைப்படக்காரர்கள் இதற்குச் சில வழிகள் வைத்திருந்தார்கள். நெகட்டிவ்வில் வானம் இருக்கும் பகுதி முழுவதையும் கறுப்பு மையால் அடைத்துவிடுவது ஒரு வழி. நெகட்டிவ்வில் கறுப்பு என்றால் பிரின்ட்டில் வெள்ளை. சுத்தமான வெள்ளை வானம் கிடைத்துவிடும். ஆனால் மரத்தின் விளிம்பில் மையை நிறுத்த வேண்டுமே? கோபுரத்தின் கோடு நேராக இருக்கும், சமாளிக்கலாம். கிளைகளுக்கு நடுவே எப்படிப் போவது?

பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். மெழுகுக் காகித முறையை உருவாக்கியவரும் அவர்தான். 1850-களின் நடுவில் அவர் எடுத்த கடல் காட்சிகளில் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ். ஒன்றை மறைத்து மற்றொன்றை அச்சிட்டு இணைத்தார். ஒரே வானத்தை வேறு வேறு கடல்களுக்கு மேல் ஒட்டியதும் உண்டு. இன்றைய 'ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்'டின் கொள்ளுத்தாத்தா இதுதான். ஆனால் கடலுக்கு அடிவானம் நேர்கோடு. மறைப்பது சுலபம். தமிழ்நாட்டில் டிரைப் எடுத்த காட்சிகளில் மரம் குறுக்கே நிற்கும்.

டிரைப் செய்தது எளிமையான, ஆனால் கை சுத்தம் தேவைப்படும் வேலை. நெகட்டிவ்வின் மேல் நேரடியாக நிறம் தீட்டினார். வானப் பகுதியில் மெல்லத் தீட்டிய இடமெல்லாம் பிரின்ட்டில் வெளிச்சமாகி, மேகமாக மாறியது. மரங்களின் மேல் புள்ளி புள்ளியாக வைத்தார். கறுப்புக் குவியலாக இருந்த மரத்தில், வெயில் பட்ட இலைகள் தெரிய ஆரம்பித்தன. எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் இந்த பிரஷ் தடங்களை இன்றைக்கும் பார்க்கலாம். அந்தப் படங்களில் தெரியும் அழகான மேகங்களில் பலவும் அன்று வானத்தில் இருந்தவை இல்லை. அவர் கையிலிருந்து வந்தவை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் நெகட்டிவ்வில் நீலம் பட்ட வானம் அடர்த்தியாகவும், பச்சை இலைகள் கிட்டத்தட்ட வெறுமையாகவும் இருந்தன அல்லவா? அதாவது, மரம் எது, வானம் எது என்று வேதியியலே பிரித்துக் கொடுத்துவிட்டது. இன்றைக்கு போட்டோஷாப் தெரிந்தவர்கள் மரத்துக்குப் பின்னால் வானத்தை செலக்ட் செய்ய என்ன செய்வார்கள்? படத்தின் சிவப்பு, பச்சை, நீல சேனல்களில் நீல சேனலை மட்டும் எடுப்பார்கள். அதில் வானம் வெளுப்பாகவும் இலைகள் கறுப்பாகவும் இருக்கும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் மாஸ்க் தயார். டிரைப்பின் படத்தைக் கெடுத்த அதே நீலப் பார்வைதான், இன்றைக்கு இந்த வேலையைச் சுலபமாக்கும் ட்ரிக்.

அப்படியென்றால் அவர் ஏமாற்றினாரா?

முக்கியமான கேள்வி இதுதான். உள்ளதை உள்ளபடி பதிவு செய்யச் சம்பளம் வாங்கியவர், இல்லாத மேகத்தை வரைந்தது சரியா?

பதில் சொல்வதற்கு முன் தஞ்சாவூரில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பார்த்துவிடலாம். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. அவற்றின் ஒரு பகுதியை டிரைப் வரிசையாகப் படம் எடுத்து, 21 பிரின்ட்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். செல்போனை இடமிருந்து வலமாக நகர்த்தி நாம் எடுக்கும் பனோரமாவை, அவர் கத்தரியும் பசையும் வைத்துச் செய்தார். இதுவும் ஒரு வகையில் எடிட்தான். ஆனால் நோக்கம் தெளிவு: கல்லில் இருக்கும் எழுத்து விட்டுப்போகக் கூடாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் படத்தை நம்பி 1858 பிப்ரவரியில் மதுரையில் மேகமூட்டமா என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் ஏமாந்துபோவார்கள். புது மண்டபத்தின் தூண்கள் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தன என்று தெரிந்துகொள்ள அதே ஆல்பத்தை எடுத்தால், உருப்படியான ஆதாரம் கிடைக்கும். படம் எதற்குச் சாட்சி சொல்ல வேண்டுமோ, அதற்குச் சாட்சி சொல்கிறது.

அதற்காக முழு மார்க் போட்டுவிட முடியாது. ஆல்பத்தைக் கையில் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு மேகம் தீட்டப்பட்டது என்று தெரிந்திருக்கும்? கேமரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கை புதிதாக இருந்த காலம் அது. இன்றைய செய்திப் படங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் படத்தில் இல்லாததைச் சேர்த்தாலோ, இருப்பதை நீக்கினாலோ வெளியேற்றிவிடுவார்கள். டிரைப்பின் மேகங்கள் அங்கே முதல் சுற்றைக்கூடத் தாண்டியிருக்காது.

ஆடம்பரம் என்று மூடப்பட்ட துறை

1858-ல் பயணம் முடிந்து பெங்களூரு திரும்பிய பிறகு, பிரின்ட் போடும் வேலை நீண்டுகொண்டே போனது. ஊருக்கு ஊர் ஆல்பம், ஆயிரக்கணக்கான பிரின்ட்கள். சென்னையில் இருந்த அமராவதி சிற்பங்களையும் படம் எடுத்துக் கொடுத்தார்.

1859-ல் சென்னைக்குப் புதிய கவர்னராக வந்தார் சார்லஸ் டிரெவல்யன். கிளர்ச்சிக்குப் பிறகு அரசு கஜானா காலி. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று தேடியவர் கண்ணில் புகைப்படத் துறை பட்டது. அரசின் நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று முடிவு செய்து, நிறுத்தச் சொல்லிவிட்டார். கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுப்பதோடு டிரைப்பின் பதவிக்கு வேலை இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே, வரி விஷயத்தில் மேலிடத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக டிரெவல்யனையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆனால் மூடிய துறை டிரைப்புக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ராணுவ வேலைக்குத் திரும்பினார். பல ஆண்டுகள் கழித்து பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர, கேமரா பக்கமே பெரிதாகப் போகவில்லை. 1870-களில் ஓய்வு பெற்று, கௌரவ மேஜர் ஜெனரல் என்ற பட்டத்தோடு சொந்த ஊர் திரும்பினார். 1902 மார்ச்சில் டெவன்போர்ட்டில் இறந்தார். முழு மூச்சாக அவர் படம் எடுத்த காலம் பத்து ஆண்டுகளுக்கும் குறைவு.

பிரின்ட்கள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் அமைதியாகத் தூங்கின. 2014-ல் வாஷிங்டனில் தொடங்கி, நியூயார்க், லண்டன் என்று அவருடைய படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று நிறுத்தப்பட்ட வேலை, ஒன்றரை நூற்றாண்டு கழித்து உலகம் சுற்றியது.

டிரைப்பிடம் நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

2020-ல் போட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி ஒரே க்ளிக்கில் வந்தது. அடுத்த ஆண்டு லைட்ரூமில் வானத்தைத் தானாகவே செலக்ட் செய்யும் வசதி. இப்போது பல செல்போன்களிலேயே இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு பிக்ஸலையும் பார்த்து, இது வானமா, இல்லையா என்று கணிக்கிறது. வேப்பிலையின் விளிம்பில் ஒரே பிக்ஸலில் பாதி இலை, பாதி வானம். அங்கேதான் அது திணறுகிறது, வெள்ளைக் கோடு விழுகிறது.

அடுத்த முறை எடிட் செய்யும்போது இவற்றை முயன்று பாருங்கள்:

1. வானத்தை மாற்றுவதற்கு முன், இருக்கும் வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். பல நேரம் மேகம் உள்ளேயே ஒளிந்திருக்கும். டிரைப்புக்குக் கிடைக்காத வசதி இது.

2. புது வானம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்த லேயரை 'மல்டிப்ளை' மோடில் வையுங்கள். வெளுத்த இடத்தில் மட்டும் வானம் ஏறும், கறுத்த இலைகள் கறுப்பாகவே இருக்கும். வெள்ளைக் கோட்டுத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

3. தரையில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் இடது பக்கம் விழும்போது வானத்தில் சூரியனும் இடது பக்கமே இருந்தால், பார்க்கிறவர் காரணம் தெரியாமலேயே இது போலி என்று உணர்ந்துவிடுவார்.

4. வானத்தை மாற்றியிருந்தால் கேப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டிரைப் செய்யாமல் விட்டது இதைத்தான்.

கடைசியாக, மறுபடியும் சித்தன்னவாசல். குகைக்கோயிலின் கூரையில் வானம் இல்லை, ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன்கள், வாத்துகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம். பல இடங்களில் நிறம் போய்விட்டது, சில இடங்களில் பூச்சே உதிர்ந்துவிட்டது. அந்த ஓவியத்தின் படம் ஒன்றை இன்றைய ஏஐ ஆப்பிடம் கொடுத்தால், உதிர்ந்த இடத்தில் சில நொடிகளில் புதிதாகத் தாமரை பூக்க வைத்துவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும். அது நாலு வாட்ஸ்அப் குரூப்களைத் தாண்டினால், எது பாண்டியர் காலத்துத் தாமரை, எது நேற்று பூத்தது என்று பிரித்துச் சொல்ல ஆளிருக்காது.

மலைக்கு மேலே இருக்கும் வானத்தில் மேகம் சேர்த்தால் பெரிதாக நஷ்டம் எதுவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் நிஜ மேகமே வந்துவிடும். உதிர்ந்த தாமரை அப்படி வராது. எடிட் பட்டனைத் தொடுவதற்கு முன் இந்த வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.